ஓடைக்கரை வயலுக்கு ஓர் அரிவாள்

ஆகஸ்ட் 28, வியாழன்

செல்வக்கனி பீடிக் கடைக்குப் போய்விட்டு வரும்போது கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி வந்தாள். "அங்க இருக்கும்போது வாரம் தவறாம எழுதுனியள்லா, இங்கயும் எழுதுங்க. சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருக்கதுக்கு அது தேவல" என்றாள்.

அங்கே எழுதியதெல்லாம் அவளுக்கு எழுதிய கடிதம். இப்போது அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து இலை கத்தரித்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கு எழுதுவது என்று கேட்டேன். "எழுதுங்க. யாருக்குன்னு பெறவு பாத்துக்கிடலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. உள்ளேயிருந்து நானே தாழ் போடுகிற கதவு. எனக்கென்று ஒரு தட்டு. நினைத்த நேரத்தில் தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

இன்று இன்னொரு செய்தியும் வந்தது. அவளுடைய அண்ணன் தளவாய் மச்சான் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஓடைக்கரை வயல் அவர்கள் அப்பா அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர்த்து எழுதி வைத்தது. எட்டு வருடமாகத் தரிசு. சோலார் கம்பெனிக்காரர்கள் கேட்டு வந்திருக்கிறார்கள். மழைக்கு முன்னால் அங்கே மண்டிய சீமைக் கருவேல உடைமரங்களை வெட்டிச் சுத்தம் பண்ணி விதைத்தால் நிலம் இருக்கட்டும், இல்லையென்றால் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று சொன்னாராம்.

"நீங்க என்ன சொல்லுதிய?" என்று கேட்டாள்.

"வெட்டுதேன்" என்றேன்.

மச்சான் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். நான் இன்னும் அவரைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

வயலைப் போய்ப் பார்த்தேன். அதை வயல் என்று சொல்ல முடியாது. சீமை உடை ஆள் உயரத்துக்கு மேல் போய் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. ஓர் ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாது. நடுவில் எங்கேயோ கிணறு இருக்கிறது. சுற்றுச்சுவர் இல்லாத கிணறு, தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

ஜேசிபி ஓட்டுகிறவரைக் கூட்டிவந்து காட்டினேன். ஓடைக் கரையில் நின்றே கையை விரித்துவிட்டார். "கெணறு எங்கன இருக்குன்னு தெரியாம வண்டிய எறக்க மாட்டேன் அண்ணாச்சி. கையால வெட்டிக் கெணத்தக் காட்டுங்க. மத்தத நான் ரெண்டு நாள்ல பெயர்த்துத் தாரேன்."

சரியான பேச்சுதான். கிணறு கிழக்கே இருக்கிறது. நான் மேற்கே, பனை நிற்கிற பக்கம் தொடங்கலாம் என்றிருக்கிறேன். அங்கே நிழல் உண்டு.

செப்டம்பர் 1, திங்கள்

பரணில் கோடாலி இருந்தது. காம்பு மட்டும் மாற்றினேன்.

வீட்டில் அரிவாள் இல்லை. அரிவாள்மணையும் இல்லை. செல்வக்கனி கருவாட்டைக்கூடப் பீடிக் கத்தரிக்கோலால்தான் நறுக்குகிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். பனையிலிருந்து பத்து அடி உள்ளே போயிருக்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

உடைக்குக் கோடாலி உதவாது. அடிமரம் கிடைத்தால் கோடாலி வேலை செய்யும். அடிமரத்துக்குப் போவதற்கு முன்னால் விரல் கனத்திலும் கட்டைவிரல் கனத்திலும் நூறு கிளை குறுக்கே நிற்கிறது. கோடாலியால் அடித்தால் அவை வளைந்துகொடுத்துவிட்டு, ஓங்கிய கையைப் பார்த்துத் திரும்பி அடிக்கின்றன. இன்று ஒரு முள் இமையில் கீறியது. இன்னொன்று செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது.

செல்வக்கனி விளக்குப் பக்கத்தில் என் காலை மடியில் வைத்து ஊக்கால் நோண்டி எடுத்தாள்.

"அருவா இல்லாம உடை வெட்டுத ஆள இப்பத்தான் பாக்கேன்."

"கோடாலியே போதும்."

அவள் முள்ளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். அந்த மடிக்கு நான் எப்படிக் கடன் தீர்ப்பேன் என்று தெரியவில்லை. எட்டு வருடம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பாளையங்கோட்டை ஜெயிலுக்கு இரண்டு பஸ் மாறி வந்தவள். சொந்த அண்ணன் வீட்டில் அதற்காக அவள் கேட்ட பேச்சு என்னவென்று ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

செப்டம்பர் 13, சனி

வள்ளியூரிலிருந்து ஒரு வெட்டுக்கத்தி வாங்கி வந்திருக்கிறாள். பளபளவென்று இருக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக் பிடி. உறையில் காட்டுக்குள் தொப்பி வைத்த ஒருவர் நிற்கிற படம்.

"கடைக்காரர் நல்லா வெட்டும்ன்னாரு" என்றாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

கத்தி சாக்குப்பைக்குள் இருந்தது. கோடாலி வேலை கொஞ்சம் மிச்சம் இருந்ததால் எடுக்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று எடுத்தேன். முதல் வெட்டுக்கு முன்னால் கத்தியை இரண்டு முறை கீழே வைத்தேன். வெயில் கடுமை.

கத்தி மெல்லிய தகடு. விரல் கனக் கிளை போகிறது. மணிக்கட்டுக் கனம் வந்ததும் டங்கென்று துள்ளி எதிர்ப்பக்கம் போகிறது. துள்ளுகிற கத்தி எங்கே போய் விழும் என்பது நம் கையில் இல்லை. மத்தியானத்துக்குள் வாய் மடங்கிவிட்டது. மூன்று மணிக்குப் பிடியின் ஆணி ஆடத் தொடங்கியது. வீடு வந்து சேரும்போது பிடி தனி, கத்தி தனி.

அது கெட்டுப்போனதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதைச் செல்வக்கனியிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

அவள் சொன்னதன் பேரில் சொரிமுத்து ஆசாரி பட்டறைக்குப் போனேன். துருத்திக்குப் பதிலாக இப்போது மின்சார ஊதுகுழல் வைத்திருக்கிறார். என்னைக் கண்டதும் அதை நிறுத்தினார்.

"வாங்க ஆவுடையப்பன். வந்துட்டியன்னு கேள்விப்பட்டேன்."

"உடை வெட்ட ஒரு வெட்டருவா வேணும்."

அவர் இடுக்கியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். "இங்க பாருங்க. எனக்கு உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா அந்த அருவாவையும் நாந்தான் அடிச்சேன். கோர்ட்டுல அதத் தூக்கிக் காட்டி, இது நீரு செஞ்சதான்னு கேட்டாவ. ஆமான்னேன். அந்த ஆமாவச் சொல்லிட்டு வந்து ஒரு மாசம் என்னால சுத்தியலத் தூக்க முடியல. மறுபடியும் உங்க கையில குடுத்துட்டு என்னால உறங்க முடியாது. கோவிச்சுக்கிடாதிய."

"இல்ல ஆசாரி. நீங்க சொல்லுதது சரிதான்."

"ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க."

குடித்தேன். அவருக்கும் நன்றிதான். முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஊரில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள்.

செப்டம்பர் 19, வெள்ளி

இதை எழுதாமல் மற்றதை எழுதிக்கொண்டிருப்பது சரியில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஓடைக்கரைக் கிணற்றில் எங்களுக்கு ஒரு நாள், மச்சானுக்கு ஒரு நாள் என்று தண்ணீர் முறை. அன்று என் முறை. வேலிக்கு முள் வெட்டிக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுப் போனால், தண்ணீர் அவர் வாய்க்காலில் போகிறது. என்ன மச்சான் என்று கேட்டேன். என்ன என்ன என்று அவர் கேட்டார். இரண்டு பேரும் பேசக்கூடாததைப் பேசினோம். என் கையில் வெட்டுகிற அரிவாள் அப்படியே இருந்தது.

வெட்ட வேண்டும் என்று நினைக்கவில்லை, கை தானாகப் போய்விட்டது என்று கோர்ட்டில் சொன்னேன். இந்த நோட்டில் அப்படி எழுத மாட்டேன். நினைத்தேன். அரை நிமிடம் நினைத்தேன். அவர் கழுத்தைப் பார்த்துத்தான் ஓங்கினேன். அவர் வலது கையைக் குறுக்கே கொடுத்தார்.

கை போகவில்லை. முழங்கைக்குக் கீழே நரம்பு அறுந்துவிட்டது. அந்த விரல்கள் மடங்கினது மடங்கினபடியே நின்றுவிட்டன. அதனால் அவரும் வயலைப் பார்க்கவில்லை. நானும் இல்லை. உடை பார்த்துக்கொண்டது.

செப்டம்பர் 27, சனி

கோடாலியும், கிளையைத் தூக்கிப் பிடிக்க ஒரு கவைக்கம்பும்தான். ஒரு மாதத்தில் கால்வாசி முடிந்திருக்கிறது. இந்த வேகத்தில் போனால் மார்கழி ஆகிவிடும். மழை ஐப்பசியில் வந்துவிடும்.

செல்வக்கனி அண்ணன் வீட்டுக்குப் போய் வந்தாள். எதுவரைக்கும் வெட்டியிருக்கிறது என்று அவர் கேட்டாராம். சொன்னாளாம். எதை வைத்து வெட்டுகிறார் என்று கேட்டாராம். அதையும் சொன்னாளாம். ஆசாரி தரமாட்டேன் என்றதையும்.

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"வெத்தல போட்டாவ."

அக்டோபர் 1, புதன்

இன்று நடந்ததை நிதானமாக எழுதுகிறேன்.

காலை பதினொரு மணி இருக்கும். ஓர் அடிமரத்தில் கோடாலி இறுகிப்போய், அதை ஆட்டி ஆட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். ஓடைப் பக்கத்திலிருந்து சருகு மிதிபடுகிற சத்தம். நிமிர்ந்தால் தளவாய் மச்சான் வந்துகொண்டிருக்கிறார். தலை முழுக்க நரைத்திருந்தது. வலது கை உடம்போடு ஒட்டி, சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. இடது கையில் சாக்கில் சுற்றிய நீளமான ஒன்று. சாக்கில் சுற்றியிருந்தாலும் அது என்னவென்று எனக்குத் தெரியும்.

சுற்றிலும் யாரும் இல்லை. பனைப் பக்கம் நான் வெட்டிய வழி இருந்தது. ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கோடாலியை மரத்திலேயே விட்டுவிட்டுக் கையைத் தொங்கப்போட்டு நின்றேன். இது நடந்தால் நடக்கட்டும் என்று பட்டது. செல்வக்கனி பீடி சுற்றிக்கொண்டிருப்பாள், யார் போய்ச் சொல்வார்கள் என்று மட்டும் ஓடியது.

மச்சான் நாலடி தூரத்தில் நின்றார். சாக்கின் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தார். சாக்கு விழுந்தது. கருத்த, குட்டையான வெட்டரிவாள். வாய் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அவர் அதைக் காலில் இடுக்கித் திருப்பி, முதுகுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, பிடியை என் பக்கம் நீட்டினார்.

"பிடிச்சுப் பாரும் மாப்ள."

என் கை வரவில்லை.

"கோடாலிய வச்சு உடை வெட்டுதேருன்னு ஊரே சிரிக்கி. இப்படியே வெட்டுனா அடுத்த ஆடிக்குத்தான் கெணத்துக்கு வருவீரு. பிடியும். எனக்குக் கை கடுக்கு."

வாங்கினேன். எட்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். "ஆசாரி எனக்குத் தரமாட்டேன்னுட்டாரு" என்றேன்.

"தெரியும். நான் மூணு நாளா அங்கதான் கெடந்தேன்."

பனை நிழலில் உட்கார்ந்தார். யாரோ மாடு வாங்கிய கதையைச் சொல்வது போலச் சொன்னார். "மொதல்ல ஒண்ணு காட்டுனாரு. நீளம். வீசுறதுக்கு நல்லாருக்கும், புல்லு கொடின்னா அது சரி. உடைக்கு ஆகாது. முள்ளுக்குள்ள போயி மாட்டிக்கிட்டு வராது. ரெண்டாவது குட்டைதான், ஆனா நுனி கனம். வெட்டும்போது தானா எறங்கும், சொகமாத்தான் இருக்கும். மத்தியானத்துக்கு மேல மணிக்கட்டு கழண்டுரும். வேண்டாம்ன்னேன். பெறவு லாரி வில்லுப்பட்டை ஒண்ணு நானே வாங்கிட்டுப் போயிக் குடுத்தேன். அதுல அடிச்சது இது. காய்ச்சித் தண்ணி காட்டும்போது பக்கத்துலயே நின்னேன். அதுல அவசரப்பட்டா வாய் தெறிச்சுரும்."

"வாய் நல்லாருக்கு."

"காஞ்ச உடைக் கட்டைய வச்சு இருவது வெட்டு வெட்டிப் பாத்தேன். மடங்கவும் இல்ல, தெறிக்கவும் இல்ல. பிடி நாட்டுக் கருவை. அடிப்பக்கம் கொஞ்சம் பெருசா விடச் சொன்னேன், வேர்வையில வழுவாது. காம்பு பிடிக்குள்ள முழுசாப் போயி அந்தப் பக்கம் மடங்கியிருக்கு பாரும். இது கழலாது."

"நீங்களா வெட்டிப் பாத்திய?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக்கூடாது என்று தோன்றியது. அவர் சாதாரணமாகச் சொன்னார்: "எடக்கையாலதான். வலக்கைக்குப் பலம் உண்டு, மோசமான அருவாவையும் அது வெட்ட வச்சுரும். எடக்கை அப்படி இல்ல. அருவா ஒழுங்கா இருந்தாத்தான் எடக்கையில வெட்டும். இப்ப அருவா பாத்து வாங்கணும்ன்னா இந்த ஊருல என்னைத்தான் கூப்புடணும்."

சிரித்தாரா என்று தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆசாரி கேட்டாரு, யாருக்கு அண்ணாச்சின்னு. எங்க வயலுக்குன்னேன். வெட்டும். நின்னா வேல நடக்குமா?"

வெட்டினேன். கட்டைவிரல் கனக் கிளை சத்தமே இல்லாமல் போனது. மணிக்கட்டுக் கனம், இரண்டு வெட்டு. துள்ளவில்லை. கை ஓங்கினதும் எங்கே இறங்கும் என்று அரிவாளுக்குத் தெரிந்திருந்தது. நாலாவது கிளையில்தான் மூச்சு விட்டேன் என்று நினைக்கிறேன்.

திரும்பிப் பார்த்தால் மச்சான் என் கவைக்கம்பை எடுத்து, அதன் அடியை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் முள் கிளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் வெட்டுவதற்கு வாகாக.

சாயங்காலம்வரை அப்படியே வெட்டினோம். மன்னிப்பு என்கிற சொல்லை இரண்டு பேரும் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். "அந்தக் கிளைய வெட்டும்" என்றார்.

அக்டோபர் 3, வெள்ளி

இரண்டு நாளில் ஒரு மாத வேலை நடந்திருக்கிறது. நல்ல அரிவாள் என்றால் இதுதான். சாயங்காலம் வலிப்பது தோள். மணிக்கட்டு வலிக்கவில்லை.

ஆனால் மச்சான் கவை பிடிக்கும்போது என் வீச்சுக்கு இரண்டு அடி தள்ளித்தான் நிற்கிறார். இன்று கேட்டேன்.

"மச்சான், இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"தள்ளி நின்னா கவை எட்டாதுல்லா."

"கம்ப நீளமா வெட்டித் தாரேன்."

"நீளக் கம்ப ஒத்தக் கையில தூக்க முடியாதுவே. நீரு ஒழுங்கா வெட்டும். நான் ஒழுங்கா நிப்பேன்."

ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் அவர் கால் எங்கே, கை எங்கே என்று பார்க்கிறேன். உடம்புக்குக் குறுக்கே வீசுவதில்லை. சாய்த்து, தரையைப் பார்த்து மட்டும். ஒரு நாளைக்கு ஐந்நூறு வெட்டு இருக்கும். ஐந்நூறு முறை அவர் அங்கே நிற்கிறார்.

அக்டோபர் 4, சனி

செல்வக்கனி பக்கத்து வீட்டில் அரிவாள்மணை இரவல் வாங்கி வந்து சாளை மீன் ஆய்ந்தாள். நான் பார்த்தும் பார்க்காதவன் போல உட்கார்ந்திருந்தேன். குழம்பு நன்றாக இருந்தது. இரண்டு முறை சொன்னேன்.

அக்டோபர் 6, திங்கள்

மத்தியானம் மச்சானுடைய மனைவி பிச்சம்மாள் மதினி சோறு கொண்டுவந்தாள். வழிக்குள் நுழைந்தவள், நான் அரிவாளோடும் அவர் என் பக்கத்திலும் நிற்பதைப் பார்த்தாள். தூக்குவாளியோடு அப்படியே திரும்பிப் போய்விட்டாள். மச்சான் பின்னாலேயே போனார். அப்புறம் வரவில்லை.

நான் சாயங்காலம்வரை தனியாக வெட்டினேன். கவை பிடிக்க ஆளில்லாமல் கை முழுக்கக் கீறல்.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று மச்சான் வந்துவிட்டார். மத்தியானம் மதினி தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டு, எங்கள் பக்கம் வராமலே போனாள். ஓர் ஆளுக்கு உள்ள சோறுதான் இருந்தது. மச்சான் மூடியில் பாதி எடுத்து வைத்து நகர்த்தினார்.

"எனக்குக் கஞ்சி இருக்கு மச்சான்."

"அவ அப்படித்தான். மனசுல வச்சுக்கிடாதியும்."

"மதினி செய்யுததுதான் நியாயம்."

எட்டு வருடமாக அந்த மனிதருக்குச் சட்டைப் பொத்தான் போட்டு விடுகிறவள் அவள். அவளிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. கண்ணில் படுகிற தூரத்தில் வந்து சோற்றை வைத்தாளே, அதுவே எனக்கு அதிகம்.

அக்டோபர் 9, வியாழன்

கிணறு வந்துவிட்டது.

கடைசி நாலைந்து புதர்களை நான் மெதுவாக வெட்டினேன். மச்சானும் அவசரப்படுத்தவில்லை. முதலில் மோட்டார் மேடை தெரிந்தது, பிறகு கல். பிறகு குளிர்ந்த வாடை அடித்தது. கிளையை விலக்கினேன். கீழே ஆழத்தில் தண்ணீர் வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் யாரும் இறைக்காமல் நிறைய இருக்கிறது.

அரிவாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மச்சானும் எதிரே மோட்டார் மேடையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அன்னைக்கு முறை ஒம்மதுதான்" என்றார் திடீரென்று.

நான் நிமிர்ந்தேன்.

"எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மோட்டாரப் போட்டேன். என்னோட வாழை வாடிக்கிட்டு இருந்துச்சு. தங்கச்சி மாப்பிள்ளதான, என்ன செஞ்சிருவாருன்னு ஒரு எகத்தாளம். போலீஸ்ல எம் முறைன்னு சொன்னேன். கோர்ட்டுலயும் அதையேதான் சொன்னேன்."

இந்த வார்த்தைக்காக நான் அங்கே எத்தனை ராத்திரி முழித்துக் கிடந்திருக்கிறேன். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், முறை உன்னுடையது என்று சொல்லிவிட மாட்டார்களா என்று. இன்று அவரே சொன்னார். கேட்ட பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதில் ஒன்றுமே இல்லை. ஒரு நாள் தண்ணீர்.

"மச்சான், முறை என்னுதா இருந்தாலும் நான் செஞ்சது செஞ்சதுதான்."

"அது இருக்கட்டும். நான் சொல்ல வேண்டியதச் சொன்னேன்."

"நான் கழுத்தப் பாத்துத்தான் வெட்டுனேன். கை தானாப் போச்சுன்னு கோர்ட்டுல சொன்னதும் பொய்."

அரிவாள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது.

"எனக்குத் தெரியும் மாப்ள. நாந்தான எதுத்தாப்புல நின்னேன்" என்றார். எழுந்து கவைக்கம்பை எடுத்தார். "வாரும். கெணத்தச் சுத்தி நாலு அடியாவது வெட்டி விடணும். வண்டிக்காரன் பாத்தா தெரியணும்லா."

வெட்டி விட்டோம். சுற்றிலும் நாலு கம்பு நட்டு, செல்வக்கனியின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினோம்.

அக்டோபர் 12, ஞாயிறு

விறகு வியாபாரி அடிமரங்களை எடுத்துக்கொள்கிறார். அதற்குப் பதிலாக ஜேசிபி வண்டியை அவரே அனுப்பினார். நேற்றும் இன்றும் தூரெல்லாம் பெயர்த்துப் போட்டாகிவிட்டது. வண்டிக்காரர் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை அண்ணாச்சி, கண்ண மூடிக்கிட்டு எறங்கியிருந்தா வண்டியோட போயிருப்பேன்" என்றார்.

கம்பெனிக்காரர்கள் காரில் வந்தார்கள். மச்சான் கரையிலேயே நின்று பேசி அனுப்பிவிட்டார். என்ன சொன்னீர்கள் என்று செல்வக்கனி கேட்டதற்கு, "உளுந்து போடப்போறோம்ன்னேன்" என்றாராம். போறோம் என்று அண்ணன் சொன்னதை அவள் என்னிடம் மூன்று முறை சொன்னாள்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. விடியற்காலையில் தொடங்கி மத்தியானம்வரை. வாசலில் போய் நனைந்துகொண்டு நின்றேன். உள்ளே வரச் சொல்லி அவள் கூப்பிடவில்லை. அவளும் வந்து நின்றாள்.

அக்டோபர் 23, வியாழன்

உளுந்து விதைத்தாயிற்று.

மண் நேற்றுதான் பதத்துக்கு வந்தது. டிராக்டர் வந்து சால் போட்டுவிட்டுப் போனது. மச்சான் விதைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இடது கையால் விதைத்தார். நான் பின்னாலேயே மண்ணை மூடிக்கொண்டு போனேன். செல்வக்கனியும் மதினியும் கீழ்க்கோடியில் வேர் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மதினி என்னோடு பேசவில்லை. செல்வக்கனியோடு பேசினாள். அவர்கள் பேசுகிற சத்தம் இங்கேவரை கேட்டது.

பத்து மணிக்கு வாடைக் காற்று நன்றாக எழும்பியது. மச்சானின் தலைப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் வரப்பில் போட்டது. நான் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் அதை இடது கையில் வாங்கி, தலையில் போட்டு, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நிற்கவில்லை. இன்னொரு முறை. நழுவியது. கீழ்க்கோடியைத் திரும்பிப் பார்த்தார். மதினி தூரத்தில் குனிந்திருந்தாள். கூப்பிட்டால் கேட்காது.

துண்டை என்னிடம் நீட்டினார்.

"கட்டிவிடும்வே. ஒத்தக் கையில இது மட்டும் எனக்கு வரவே மாட்டேங்கு."

சொல்லிவிட்டு என் முன்னால் தலையைக் குனிந்து நின்றார்.

என் கை முழுக்க மண். வேட்டியில் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். அவருடைய பிடரி என் கண்ணுக்கு நேரே இருந்தது. நரைமுடி, வேர்வை, கழுத்தைச் சுற்றிக் கறுத்துப்போன தாயத்துக் கயிறு. அவர் எதையும் யோசிக்கவில்லை. அடுத்த சால் பற்றித்தான் யோசித்திருப்பார். தரையைப் பார்த்தபடி, "கெழக்கால ஈரம் கொஞ்சம் கூடுதல்தான்" என்றார்.

துண்டை விரித்து நெற்றியில் வைத்து, பின்னால் கொண்டுபோய், இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே சொருகினேன்.

"இறுக்கமா இருக்கா மச்சான்?"

"இருக்கட்டும்."

நிமிர்ந்து, பைக்குள் கையை விட்டு, அடுத்த சாலில் இறங்கினார். நான் பின்னால் மண் மூடிக்கொண்டே போனேன். வடக்கேயிருந்து காற்று மறுபடியும் அடித்தது. தலைப்பா அவிழவில்லை.